ஆணிக் கீறல்

என் தாய்மாமன் தேவகோட்டைப் பக்கத்தில் சிமென்ட் தரை போடுகிற கொத்தனார். 1981இல் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை காலை வாரிவிட்டதும் அம்மா என்னை அவரிடம் கொண்டுபோய் விட்டார். மாமா என் கையை வாங்கி உள்ளங்கையைப் புரட்டிப் பார்த்தார். "ஆறு மாசம் சல்லடை புடிக்கட்டும். அப்பறம் பாப்போம்" என்றார்.

சல்லடை பிடிப்பது என்றால் சிவப்பு ஆக்ஸைடு பொடியையும் சிமென்ட்டையும் கலந்து சலிப்பது. ஒரு பங்கு ஆக்ஸைடுக்கு மூன்று பங்கு சிமென்ட். ஓர் அறைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவையும் காய்ந்த பொடியாகவே ஒரே தடவையில் கலந்து, மூன்று முறை சலித்து, மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும். பாதியில் தீர்ந்துபோய் மறுபடி கலந்தால், எவ்வளவு அளந்து போட்டாலும் நிறம் ஒட்டாது. பழைய துணியில் புதுத்துணி வைத்துத் தைத்த மாதிரி தெரியும். அந்த ஆறு மாதமும் எனக்கு எச்சில் சிவப்பாகத்தான் வந்தது. வெற்றிலை போடப் பழகிவிட்டேன் என்று நினைத்து அப்பத்தா ஒரு நாள் விளக்குமாற்றை எடுத்துவிட்டார்.

தரை போடுகிற நாளில் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து இறுக்கிய தளம் கீழே இருக்கும். அதன்மேல் ஓர் அங்குலம் கலவை போட்டு, மணியாசுக்கட்டையால் தேய்த்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, அந்த ஈரம் வற்றுவதற்குள் மேலே சிவப்புக் குழம்பைப் பரப்புவோம். அப்புறம் காத்திருப்பு. மாமா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிடுவார். "என்ன மேஸ்திரி, வேலை நின்னு போச்சா?" என்று வீட்டுக்காரர் இரண்டு தடவை கேட்பார். பதில் வராது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் எழுந்துபோய்க் கட்டைவிரலை வைத்து அழுத்துவார். விரல் ஈரமானால் இன்னும் ஆகவில்லை. ரேகை மட்டும் பதிந்து, விரலில் எதுவும் ஒட்டாமல் வந்தால் பீடியை எறிந்துவிட்டுக் கரண்டியை எடுப்பார். அதன்பிறகு சாப்பாடு கிடையாது, பேச்சு கிடையாது. உள்மூலையில் தொடங்கி, வாசலைப் பார்க்கப் பின்னாலேயே நகர்ந்து, தேய்த்த இடத்தையே நாலு தடவை தேய்ப்பார். முதல் தேய்ப்பில் கரண்டி சரசரக்கும். கடைசித் தேய்ப்பில் வெண்கலக் கிண்ணத்தின் விளிம்பைத் தடவினாற்போல் ஒரு சன்னமான சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் தரை மூடிக்கொண்டது என்று அர்த்தம்.

மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர். பத்து நாளைக்கு வற்றக் கூடாது. ஒரு வீட்டில் மூன்றாம் நாளே தண்ணீரை வற்ற விட்டுவிட்டார்கள். தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்க்கிற கடைசி வேலைக்கு மாமா அந்த வீட்டுக்குப் போகவே இல்லை. மீதிக் கூலியும் போயிற்று. "நாளைக்கு அந்தத் தரை வெடிச்சா என் பேரத்தான் சொல்லுவான்" என்றார்.

இப்போது நான் நானூறு கிலோ மெஷினில் வைரக்கல் பூட்டிக் கான்கிரீட் தரைக்குப் பாலிஷ் போடுகிறேன். வீட்டுக்காரர்கள் மெஷினைப் பார்த்துத்தான் பேரம் பேசுகிறார்கள். மெஷின் வருவதற்கு ஒரு மாதம் முன்னால், கான்கிரீட் கொட்டிய அன்றைக்கே தரையின் தலையெழுத்து எழுதியாகிவிட்டது என்று சொன்னால், வேலையைத் தட்டிக்கழிக்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

1986இல் சென்னைக்கு வந்தபோது ஊரெல்லாம் மொசைக். அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் வீடு கட்டுகிற யாரும் வேறு தரையை நினைக்கவில்லை. வெள்ளை சிமென்ட்டில் மார்பிள் சிப்ஸ் கலந்து, கண்ணாடிப் பட்டை வைத்துக் கட்டம் கட்டமாகப் போடுவார்கள். அது இறுகியதும் நாங்கள் மெஷினோடு போவோம். முதலில் அறுபதாம் நம்பர் கல். அது தேய்த்து முடித்ததும் தரையில் ஊசித் துளைகள் தெரியும். சிமென்ட் பால் ஊற்றி அவற்றை அடைத்து, சில நாள் விட்டு நூற்றிருபது, அப்புறம் முந்நூற்றிருபது. கடைசியில் ஆக்ஸாலிக் பொடி தூவிச் சாக்கால் தேய்த்து, மெழுகு. நாள் முழுக்கக் கணுக்கால் அளவு சிமென்ட் சேற்றில் நிற்க வேண்டும். விரல் இடுக்கெல்லாம் புண்ணாகும். ராத்திரி தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு படுப்போம். அந்தச் சேறு என் விரல் ரேகையையும் சேர்த்துத் தேய்த்துவிட்டது. இன்றைக்கும் ரேஷன் கடை மெஷினில் என் கட்டைவிரல் பதியாது. கடைக்காரப் பெண் நாலு விரலையும் மாற்றி மாற்றி வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "வீட்ல வேற யாரையாவது அனுப்புங்கண்ணா" என்பார்.

மொசைக்கை ஒழித்தது அழகு இல்லை, அவசரம். ராஜஸ்தான் மார்பிளும் கிரானைட்டும் பணக்கார வீடுகளைத்தான் கொண்டுபோயின. 2000க்குப் பிறகு விட்ரிஃபைட் டைல்ஸ் மலிவானதும் எல்லா வீடும் போய்விட்டது. இன்றைக்கு ஒட்டினால் நாளைக்கு நடக்கலாம். ஒரு மாதம் சேற்றில் யார் காத்திருப்பார்கள்? என்னோடு இருந்தவர்களில் நாலு பேர் ஆட்டோ ஓட்டப் போனார்கள். மெஷினை எடைக்குப் போட்டவர்களும் உண்டு.

நான் அதற்கு முன்பே தொழிற்சாலைப் பக்கம் ஒதுங்கிவிட்டேன். தொண்ணூறுகளின் பிற்பாதியில் மறைமலை நகரிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் கார் கம்பெனிகள் வந்தன. அவற்றுக்கு உதிரிப்பாகம் செய்கிறவர்களின் ஷெட்டுகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று ரோட்டோரமெல்லாம் முளைத்தன. எல்லா ஷெட்டுக்கும் ட்ரிமிக்ஸ் தரை. ட்ரிமிக்ஸ் ஒரு ஸ்வீடன் கம்பெனியின் பெயர். எங்கள் வாயில் அது தரையின் பெயராகவே ஆகிவிட்டது. கான்கிரீட்டைக் கொட்டி மட்டப்படுத்தியதும், மேலே துணி மாதிரி ஒரு பாயை விரித்து, பம்ப் வைத்து உபரித் தண்ணீரை உறிஞ்சி எடுப்பார்கள். பிறகு ஹெலிகாப்டர் இறங்கும். நாலு இறக்கை வைத்துச் சுற்றுகிற கரண்டி மெஷினுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அது. மாமா கையால் தேய்த்ததை இது இறக்கையால் தேய்க்கிறது. எப்போது இறக்குவது என்ற கேள்வி மட்டும் அதேதான். இங்கே கட்டைவிரலுக்குப் பதில் பூட்ஸ் கால். ஏறி நின்றால் தடம் கால் அங்குலத்துக்கு மேல் அமுங்கக் கூடாது. மேலே தண்ணீர் மினுமினுப்பு இருக்கக் கூடாது.

ஒரு குடோனில் நடந்தது. மார்கழி மாதம், ராத்திரி. குளிருக்குக் கான்கிரீட் இறுகவே மாட்டேன் என்கிறது. மேலே தண்ணீர் ஊறி ஊறி நிற்கிறது. கம்பெனி சூப்பர்வைசருக்கு விடிகாலை ஷிப்ட் முடிய வேண்டும். "இன்னும் எவ்ளோ நேரம்யா பாத்துக்கிட்டே இருப்ப? மெஷின எறக்கு" என்று சத்தம் போட்டார். எனக்கு அப்போது வயசு முப்பத்தைந்துக்குள். அடுத்த வேலையும் அந்தக் கம்பெனியில் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். இறக்கினேன். ஊறி வர வேண்டிய தண்ணீருக்கு மேலே நானே மூடி போட்டுவிட்டேன். விடியும்போது தரை கண்ணாடிபோல இருந்தது. சூப்பர்வைசர் டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து ஃபோர்க்லிஃப்ட் ஓடத் தொடங்கியதும் மேல்தோல் அப்பளம் மாதிரி தட்டுத்தட்டாகக் கிளம்பியது. சில்லறைக் காசால் தட்டினால் அடியில் டொக்கு டொக்கென்று வெற்றுச் சத்தம். அந்த இடத்தையெல்லாம் வெட்டியெடுத்து என் செலவில் திரும்பப் போட்டேன். மாமாவைப் போலப் பதில் சொல்லாமல் வாசல்படியில் உட்கார்ந்திருக்கும் துணிச்சல் எனக்கு வர இன்னும் பத்து வருஷம் ஆயிற்று.

இன்னொன்று முழுக்க என் தப்பு. கான்கிரீட் காயும்போது சுருங்கும். சுருங்கினால் எங்கேயாவது வெடிக்கத்தான் செய்யும். எங்கே வெடிப்பது என்பதை நாம் முன்கூட்டிச் சொல்லிவிடுவதற்குத்தான் கட்டர் வைத்துக் கோடு வெட்டுகிறோம். கனத்தில் நாலில் ஒரு பங்காவது ஆழம் போக வேண்டும். ஒரு நாளுக்குள் வெட்டிவிடுவது நல்லது. வெயில் காலமென்றால் அதற்கும் முன்பே. ஒரு ஷெட்டில் சனிக்கிழமையன்று கட்டர் பிளேடு உடைந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. திங்களன்று பிளேடோடு போய் நின்றால், இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கூவம் ஆறு மாதிரி வளைந்து வளைந்து ஒரு விரிசல் ஓடியிருந்தது. அன்றிலிருந்து வண்டியில் எப்போதும் இரண்டு பிளேடு.

வைரக்கல் பாலிஷை நான் முதலில் பார்த்தது 2008 வாக்கில். ஒரு கார் ஷோரூமில் சும்மா சிமென்ட் தரைதான். ஆனால் மேலே இருந்த டியூப்லைட் முழுசாக அதில் தெரிந்தது. டைல்ஸும் இல்லை, எபாக்ஸி பெயின்ட்டும் இல்லை. மண்டியிட்டுத் தடவிப் பார்த்தேன். காவலாளி விரட்டப் பார்த்தார். நான் மொசைக்கில் செய்த அதே வேலைதான். கார்போரண்டம் கல்லுக்குப் பதில் வைரத்தூள் பதித்த கல். சிப்ஸுக்குப் பதில் சாதாரண ஜல்லி. சொந்த மெஷின் வாங்குவதற்கு வீட்டுக்காரியின் நகை அடகுக்குப் போனது. அது திரும்பி வந்த கதை தனி.

மெஷின் வந்த பிறகுதான் எனக்குத் தெரியாதது எவ்வளவு என்று தெரிந்தது. வைரக்கல் என்றால் ஓர் உலோகக் கட்டிக்குள் வைரத்துகள்கள் இருக்கும். உலோகம் தேயத் தேயப் புது வைரம் வெளியே தலை நீட்டும். தரை கெட்டியாக இருந்தால் உலோகம் சீக்கிரம் தேயாது. ஆகவே கெட்டித் தரைக்கு மிருதுவான உலோகக் கல், மிருதுவான தரைக்குக் கெட்டியான உலோகக் கல். கேட்கத் தலைகீழாக இருக்கும். நானும் தலைகீழாகத்தான் வாங்கினேன். கிண்டியில் ஒரு பழைய தொழிற்கூடம், முப்பது வருஷக் கான்கிரீட், பாறை. கெட்டித் தரைக்குக் கெட்டிக் கல் என்று நினைத்து மாட்டி ஓட்டினேன். இரண்டு மணி நேரம் மெஷின் கத்துகிறது, தரையில் ஒரு கீறல் இல்லை. கழற்றிப் பார்த்தால் கல்லின் முகம் வழவழவென்று நகம் போல ஆகிவிட்டிருந்தது. வேறு கல் வாங்கக் கையில் பணம் இல்லை. தரையில் கொஞ்சம் ஆற்றுமணலைத் தூவி ஓட்டிப் பார்க்கச் சொன்னார் பக்கத்துப் பட்டறையில் சாணை பிடிக்கிற பெரியவர். மணல் அந்த உலோகத்தை அரித்து வைரத்தைத் திறந்துவிட்டது. மெஷின் கடிக்க ஆரம்பித்தது. அவருக்கு நான் டீ மட்டும்தான் வாங்கிக் கொடுத்தேன் என்பது இப்போது நினைத்தாலும் உறுத்துகிறது.

முப்பது, எண்பது, நூற்றைம்பது என்று உலோகக் கல்லில் ஏறிப் போய், இடையில் டென்சிஃபையர் என்ற திரவத்தை ஊற்றி ஊற விடுவோம். தண்ணீர் மாதிரிதான் இருக்கும். லித்தியம் சிலிகேட்டோ சோடியம் சிலிகேட்டோ. கான்கிரீட்டுக்குள் மிச்சமிருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகித் துளைகளை அடைக்கும். பிறகு பிசின் கல்லில் இருநூறு, நானூறு, எண்ணூறு. பளபளப்பு கேட்பவர்களுக்கு ஆயிரத்தைந்நூறு, மூவாயிரம் வரை.

சில வருஷத்துக்கு முன்னால் இதில் ஒரு புதிர். ஒரே திரவம், ஒரே மெஷின், ஒரே ஆட்கள். ஒரு வீட்டில் தரை இரும்பாகிறது. இன்னொரு வீட்டில் எவ்வளவு ஊற்றினாலும் குடித்துவிட்டு அப்படியே இருக்கிறது. இரண்டாவது வீட்டில் போட்டது சாம்பல் கலந்த சிமென்ட். அனல் மின் நிலையத்துச் சாம்பல் அந்தச் சுண்ணாம்பைத் தானே பிடித்துத் தின்றுவிடும் என்று ஒரு கெமிக்கல் விற்பனையாளர் பிறகு விளக்கினார். என் திரவத்துக்கு வேலை செய்ய மிச்சம் குறைவு. சாம்பல் சிமென்ட் மோசம் என்று சொல்லவில்லை. அது மெதுவாக இறுகும், நிறமும் மாறும். இருபத்தெட்டு நாளில் மெஷினைக் கொண்டு வா என்று அவசரப்படுத்தாமல், இன்னும் சில வாரம் விட வேண்டும். எந்த சிமென்ட் போட்டீர்கள் என்று அதற்குப் பிறகு எல்லாரையும் கேட்கிறேன். பெரும்பாலும் கம்பெனி பெயரைத்தான் சொல்கிறார்கள்.

ஆற்றுமணல் போய் எம்-சாண்ட் வந்ததும் இன்னொரு மாற்றம். நல்ல எம்-சாண்ட் நன்றாகத்தான் இருக்கிறது. கழுவாத கிரஷர் தூசியையும் அதே பெயரில் விற்கிறார்கள். தூசி தண்ணீரை இழுக்கும். கலவை முரடாக இருக்கிறதென்று சைட்டில் யாராவது ஒருவர் ரெடிமிக்ஸ் லாரி டிரைவரிடம் கண் காட்டுவார். டிரைவர் குழாயைத் திறப்பார். நான் அங்கே இருந்தால் அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். வேறு வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு குடம் தண்ணீர் கூடினால் சிமென்ட் பால் மேலே மிதந்து வந்து, காய்ந்ததும் மாவாக நிற்கும். அதற்குத்தான் என் ஆணி. ஒரு தரைக்குப் பாலிஷ் விலை சொல்வதற்கு முன்னால் மூன்று நாலு இடத்தில் ஆணியால் கீறிப் பார்ப்பேன். கோடு மட்டும் விழுந்தால் சரி. வெள்ளை மாவு வந்தால், அந்த மாவு போகிற ஆழம் வரைக்கும் அரைத்தெடுத்தாக வேண்டும். அப்புறம் ஜல்லி வெளியே தெரியும். வீட்டுக்காரர் கேட்டது ஜல்லி தெரியாத மொழுக்கென்ற சாம்பல் நிறம். சண்டை அங்கேதான் தொடங்கும்.

ஜல்லி தெரிவது குறையில்லை என்பது என் கட்சி. மேல்பால் மட்டும் போகத் தேய்த்தால் மேகம் மாதிரி ஒரு சாம்பல். இன்னும் கொஞ்சம் இறங்கினால் மணல் பொட்டுகள் தெரியும். எங்கள் பையன்கள் இதை மிளகு-உப்பு என்பார்கள். முழுக்க இறங்கினால் ஜல்லி. சென்னைச் சுற்றுவட்டாரக் கருங்கல் ஜல்லியை அறுத்துப் பார்த்தால் நீலம் கலந்த கறுப்பு. பல்லாவரம் மலையின் இந்தக் கல்லுக்கு சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறை இந்த வகைக் கல்லில் இருந்ததால் வெள்ளைக்காரப் புவியியல்காரர் ஒருவர் அந்தப் பெயரை வைத்தாராம். ஒரு கல்லூரிப் பேராசிரியர் வீட்டில் வேலை செய்தபோது அவர் சொன்னது. அன்றிலிருந்து முழு ஜல்லித் தரை கேட்கிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லித்தான் வேலையைத் தொடங்குகிறேன். கேட்காதவர்களிடமும் சொல்வதுண்டு.

இப்போது வருகிறவர்கள் கையில் போனோடு வருகிறார்கள். ஏதோ வெளிநாட்டு வீட்டின் படம். "அண்ணா, எக்ஸாக்ட்டா இப்படியே வேணும்." படத்தில் தெரிவதில் பாதி தரை, பாதி வெளிச்சம். வடக்கு முழுக்கக் கண்ணாடிச் சுவர் வைத்த வீட்டை, மூன்றுக்கு நாலு ஜன்னல் வைத்த ஹாலில் எப்படிக் கொண்டுவருவது? நான் நானூறு நம்பரோடு நிறுத்தச் சொல்வேன். வயசானவர்கள் இருக்கிற வீட்டில் அதுதான் நல்லது. பளபளப்பு கூடக் கூடக் காய்ந்த தரையும் ஈரமாக இருப்பதுபோலத் தெரியும்; பாட்டிகள் கால் வைக்கப் பயப்படுவார்கள். உண்மையில் ஈரமாகி, எண்ணெய்த் துளியும் சேர்ந்துவிட்டால் வழுக்கவும் செய்யும். குளியலறைக்கு நான் பாலிஷ் போடுவதே இல்லை.

சமையலறைதான் தலைவலி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வீடு. ஆர்க்கிடெக்ட் கறாரானவர், கான்கிரீட் கொட்டும் நாளில் என்னையும் கூப்பிட்டிருந்தார். தரை அபாரமாக வந்தது. கிரகப்பிரவேசத்துக்கு மறுநாள் அந்த வீட்டு அம்மா போன் செய்தார். "மேஸ்திரி, ஒங்க தரைல வெள்ள வெள்ளயா வட்டம் வட்டமா இருக்கு. தொடச்சாப் போகல." போய்ப் பார்த்தேன். அடுப்பங்கரையில் எலுமிச்சம்பழம் பிழிந்த இடம், புளி கரைத்த பாத்திரம் வைத்த இடம். வாசல்படியில் நசுக்கிய எலுமிச்சம்பழம்கூட அழகாகத் தன் அச்சைப் பதித்துவிட்டுப் போயிருந்தது. புளிப்பு சிமென்ட்டைத் தின்னும். அது கறை இல்லை, பள்ளம். துடைத்தால் எப்படிப் போகும்? மஞ்சள் கறை வெயிலில் மங்கிவிடும், எண்ணெய்க் கறையை மாவு போட்டு உறிஞ்சலாம், புளிக்கு மட்டும் திரும்பத் தேய்ப்பதைத் தவிர வழியில்லை. மேலே காப்புப் பூச்சு பூசியிருந்தோம். அது நமக்குத் துணியை எடுக்கக் கொஞ்ச நேரம் வாங்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சமையல் நடக்கிற வீடா, காபி மட்டும் போடுகிற வீடா என்று இப்போது கேட்டுவிடுகிறேன். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பாடத்தால் ஒரு பெரிய வேலையை விட்டேன். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். சாப்பாட்டுக் கூடம் மட்டும் ஐம்பது சதுரம். முதலாளிக்குப் பாலிஷ் கான்கிரீட்தான் வேண்டும். "ரசம் ஊத்துவீங்களா?" என்று கேட்டேன். சிரித்தார். பந்திக்குப் பந்தி ரசமும் மோரும் சிந்துகிற இடத்தில் ஆறு மாதம்கூடத் தாங்காது என்றேன். அப்படியானால் கடப்பா கல் போட்டுவிடுகிறேன் என்றார். அதுவும் சுண்ணாம்புக்கல் ஜாதிதான், புளியைப் பார்த்தால் வெளுத்துவிடும். கிரானைட் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் என் மகன் சண்டை போட்டான். ஐம்பது சதுரம் என்பது ஐயாயிரம் சதுர அடி. அவன் கோபமும் நியாயம்தான்.

விரிசலைப் பற்றிக் கேட்காத ஆளே இல்லை. வராது என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். வராது என்று எழுதிக் கொடுக்கிறவர்களும் தொழிலில் இருக்கிறார்கள். நான் கொடுப்பதில்லை. தூணை ஒட்டிக் கான்கிரீட்டைக் கட்டிவிட்டால் தூணின் மூலையிலிருந்து விரிசல் கிளம்பும். சுற்றிப் பிரித்துவிட வேண்டும். அதைவிட அதிகமாக நான் பார்ப்பது எலக்ட்ரீஷியன் விரிசல். தரைக் கனம் மூன்று அங்குலம். அதற்குள் ஒரு பைப்பை மேலாகப் புதைத்துவிட்டுப் போய்விடுவார். சரியாக அந்தப் பைப் போகிற வழியில், ஸ்விட்ச் போர்டிலிருந்து டிவி பாயின்ட் வரை, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாற்போல் விரிசல் வரும். வயரிங் படம் தொலைந்துபோன ஒரு வீட்டில் அந்த விரிசலைப் பார்த்தே பைப் எங்கே போகிறதென்று சொன்னேன். வீட்டுக்காரர் அசந்துவிட்டார்; பணத்தைத்தான் பிடித்துக்கொண்டார்.

ஓதம் வேறு வகை எதிரி. பள்ளிக்கரணையை ஒட்டி ஒரு துணிக்கடை. பளபளவென்று எபாக்ஸி போட்டிருந்தார்கள், நான் போட்டதில்லை. முதல் மழைக்காலத்தில் தரையெல்லாம் கொப்புளம். கீழே பிளாஸ்டிக் ஷீட் விரிக்காமல் கான்கிரீட் கொட்டியிருக்கிறார்கள்; ஈரம் மேலே வந்து, வழியில்லாமல் பெயின்ட்டைத் தூக்கியிருக்கிறது. ஒன்றரை அடி சதுரத்துக்கு பிளாஸ்டிக் தாளை ஒட்டி, நாலு பக்கமும் டேப் அடித்து, ராத்திரி விட்டுக் காலையில் பார்த்தேன். உள்ளே வியர்வை. எபாக்ஸியைச் சுரண்டியெடுத்து வெறும் பாலிஷ் போட்டோம். ஈரம் வந்தாலும் வழியோடு போய்விடும். ஆனால் அங்கங்கே உப்புப் பூக்கும், துடைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

2015 டிசம்பர் வெள்ளம் வந்தபோது வேளச்சேரியில் நான் போட்ட ஒரு வீட்டில் நாலு நாள் தண்ணீர் நின்றது. வடிந்ததும் போனேன். பக்கத்து வீட்டு மரத் தரை கூரை ஓடு மாதிரி வளைந்து நின்றது. எங்கள் தரையில் சேற்றை வழித்துக் கழுவியதும் பழைய முகம் பாதி தெரிந்தது. ஒரு சுற்று எண்ணூறு ஓட்டியதும் மீதி வந்துவிட்டது. இரும்பு பீரோ நின்ற இடத்தில் மட்டும் நாலு துரு வட்டம். அதை எடுக்க எவ்வளவோ பார்த்தேன். "விடுங்கண்ணா, எந்த வருஷம்னு ஞாபகம் இருக்கட்டும்" என்றார் வீட்டுக்காரர். இப்போது போனாலும் அந்த நாலு வட்டத்தின் மேல்தான் பீரோ நிற்கிறது.

என்னிடம் இப்போது வேலை செய்கிற ஏழு பேரில் ஐந்து பேர் ஒடிசாக்காரர்கள். காய்ந்த தரையை அரைத்தால் வரும் தூசி நெஞ்சில் போய்த் தங்கிவிடும். மாஸ்க் இல்லாமல் மெஷினைத் தொட விடுவதில்லை. மொசைக் காலத்தில் சேற்றில் நின்றதால் எங்களுக்குப் புண்ணோடு போயிற்று. ஒருவனுக்கு மட்டும், இருபத்திரண்டு வயசுப் பையன், கான்கிரீட்டில் கட்டைவிரலை வைத்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். ஹெலிகாப்டரை இறக்கலாமா என்று என்னைக் கேட்பதை விட்டுவிட்டான். அதனாலேயே சூப்பர்வைசர்களுக்கு அவனைப் பிடிப்பதில்லை.

போன வாரம் ஒரு பையன் போன் செய்தான். புதுசாகக் கல்யாணம் ஆனவன், குரலிலேயே சந்தோஷம். தாம்பரத்தைத் தாண்டி வீடு கட்டுகிறார்கள், யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள்.

"அண்ணா, கான்கிரீட் போட்டு முடிச்சாச்சு. நீங்க வந்து பாலிஷ் போடறது ஒண்ணுதான் பாக்கி. எப்ப வரீங்க?"

"கீழ பிளாஸ்டிக் ஷீட் விரிச்சீங்களா தம்பி?"

"மேஸ்திரி ஏதோ விரிச்சாருண்ணா."

"எத்தன நாள் தண்ணி கட்டுனீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பக்கத்தில் யாரிடமோ கேட்பது காதில் விழுந்தது.

"தண்ணியாண்ணா? அதான் ரெண்டு நாள் நல்ல மழை பெஞ்சுதே" என்றான்.

சனிக்கிழமை காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, டேப்பையும் ஆணியையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.